அல்லிராணிக் கோட்டையில் ஏமாந்தவர்கள்

பழைய கட்டடத்துக்குக் காவல் இருக்கிற ஆள் கட்டடத்தைப் பார்ப்பது குறைவு. அதைப் பார்த்து ஏமாந்துபோன முகங்களைப் பார்ப்பதுதான் வேலை. கடையிலோ கந்தோரிலோ வாசலில் இருந்து சனத்துக்குப் பதில் சொல்லியே தொண்டை வறண்டவர்களுக்கு இது விளங்கும். விளங்காத ஆக்கள் ஒரு நாள் என்ர கதிரையில் வந்து இருந்து பாருங்கோ.

நான் அரிப்பு என்கிற கடற்கரை ஊர்ப் பெட்டை. பாதி அகதி முகாமில், பாதி மரத்தடியில் படித்ததில் சாதாரண தரச் சோதனையில் கணக்கு இரண்டு தரமும் பெயில். மூன்றாம் தரம் எடுக்கப் பொறுமை இல்லை. சண்டை முடிந்து திரும்ப ஊருக்கு வந்து குடியேறிய அடுத்த வருசம், கடற்கரையில் நிற்கிற அல்லிராணிக் கோட்டைக்கு ஊர்ச் சங்கம் இரண்டு பேரைக் காவலுக்குப் போட்டது. ஒன்று நான், மற்றது செபமாலை அண்ணன். கடல் அரித்து வெடித்துப்போன கடல்பக்கச் சுவரில் ஒருவரையும் ஏறவிடக் கூடாது. அதற்கு ஒரு விசிலும் தந்தார்கள்.

அந்தச் சுவரில் எனக்குச் சொந்தக் காரியமும் இருந்தது. எங்கட அப்பா கடலுக்குப் போறவர். கரைக்கு முன்னால் தண்ணிக்கு அடியில் பாறையாகக் கல்லுப்பார் கிடக்கிறது. அதில் இருக்கிற ஒரேயொரு இடைவெளியால்தான் போட்டைக் கொண்டுவர வேணும். முந்தி கோயில் மணிக்கூண்டு, பனைவரிசை, கோட்டைச் சுவர் எல்லாவற்றையும் குறி பார்த்து வருவார்கள். மணிக்கூண்டு ஷெல்லில் போனது. பனைகளைத் தறித்துப் பங்கருக்குப் போட்டார்கள். மிஞ்சியது சுவர் ஒன்றுதான். அதுவும் விழுந்தால் அப்பா எதைப் பார்த்துக் கரைக்கு வருவார்? அதனால்தான் அந்த விசிலை அப்படி ஊதினேன்.

ராணி எந்த அறையில்?

கொழும்புப் பக்கம் இருந்து பஸ்ஸில் வந்த கூட்டம். ஒரு தாய் தன்ர சின்ன மகளுக்குச் சேலை உடுத்தி, மட்டையில் கிரீடம் வெட்டி வைத்துக் கூட்டி வந்திருந்தா. ராணி படுத்த அறையில் பிள்ளையை நிறுத்திப் படம் எடுக்க வேணுமாம்.

எனக்குப் பொய் வராது. ராணியும் இல்லை, அறையும் இல்லை, முத்துக்குளிப்பை மேற்பார்க்க வெள்ளைக்காரத் துரை கட்டின வீடு இது என்று சொன்னேன். பிள்ளை கிரீடத்தைத் தானே கழற்றி என்ர கதிரைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனது. பஸ் போன பிறகு செபமாலை அண்ணன் சொன்னார்: "எடியே, இத்தனை வருசமாச் சாகாத மனுசியை நீ அஞ்சு நிமிசத்தில கொன்றுபோட்டியே!"

மறிச்சுக்கட்டி வாப்பா

புத்தளத்தில் இருந்து ஒரு வான் வந்தது. இறங்கினவர் மறிச்சுக்கட்டிக்காரர், இருபது வருசத்துக்கு முதல் ஊரை விட்டுத் துரத்தப்பட்ட முஸ்லிம் சனத்தில் ஒருவர். இப்போது காணி துப்பரவாக்க வந்த இடத்தில், புத்தளத்தில் பிறந்த தன்ர இரண்டு பெடியளுக்கும் கோட்டையைக் காட்ட வந்திருந்தார். மாடிப்படி இருந்தது, மேலே ஏறினால் இந்தியா தெரியும் என்றெல்லாம் வழி முழுக்கச் சொல்லியிருப்பார் போல. இங்கே கூரையும் இல்லை, படியும் இல்லை. நாலு செங்கல் சுவரும் ஆட்டுப் புழுக்கையும்தான்.

அவர் படி இருந்த இடத்தைத் தேடி மூன்று தரம் சுற்றினார். பிறகு என்னிடம் வந்து, "புள்ள, இதுல ஒரு படி இருந்திச்சே?" என்று கேட்டார். இருந்திருக்கும் என்றேன். வேறென்ன சொல்ல? மூத்த பெடியன் போனில் இருந்து தலையை எடுத்துக் கேட்டான்: "இதுக்கா வாப்பா எங்கட உம்மாவையும் சேத்து வச்சு இவ்வளவு நாளும் அழுதீங்க?"

இரண்டு செங்கல்

கனடாவில் இருந்து வந்த அண்ணை ஒருவர், நான் ஊத ஊதக் கடல்பக்கச் சுவரில் ஏறிவிட்டார். கையில் செல்ஃபித் தடி. காலுக்குக் கீழே செங்கல் கழன்று கடலில் விழுந்தது. நான் கீழே நின்று கத்தின கத்தலில் அவரின்ர மனுசி பயந்துபோய் அழத் தொடங்கிவிட்டா. இறங்கி வந்தவர் காற்சட்டையைத் தட்டிக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தங்கச்சி, ரெண்டு செங்கல்லுக்கு ஏனம்மா இவ்வளவு துள்ளுறீங்கள்?"

நறுவிலிக்குளத்துப் பிள்ளைகள்

பள்ளிக்கூடச் சுற்றுலா. வயல் ஊர்ப் பிள்ளைகள், பாதிப் பேர் முகாமில் இருந்து வந்தவை. டீச்சர் கூரை இல்லாத அறை, ஓட்டை விழுந்த சுவர், யன்னல் இல்லாத யன்னல் என்று ஒவ்வொன்றாகக் காட்டி, இதைத் தொடக் கூடாது, இது நாட்டின் சொத்து என்று வாசல் போர்டில் இருக்கிறதை வாசித்துப் படிப்பித்தா. எட்டு வயது இருக்கும் ஒரு பெட்டை கையை உயர்த்தினாள். "டீச்சர், எங்கட வீடும் இப்பிடித்தான் கிடக்கு. அதுக்கு ஏன் ஒருத்தரும் போர்ட் போடேல்ல?"

டீச்சர் எல்லோரையும் தண்ணி குடிக்கச் சொன்னா.

கடைசியாக வந்தவர்

மாரி தொடங்கிய கிழமை. பின்னேரம் அப்பாவும் சித்தப்பாவும் கடலுக்குப் போய்ச் சரியாக ஒரு மணித்தியாலம். நான் கதிரையை மடக்கிக்கொண்டிருந்தேன். சத்தம் பெரிதாக ஒன்றும் இல்லை. லொறி மண்ணைக் கொட்டுகிற மாதிரி ஒரு இரைச்சல். திரும்பிப் பார்த்தால் சுவர் நின்ற இடத்தில் கடல் தெரிகிறது.

வீட்டுக்கு ஓடிப்போய் அப்பாவுக்குக் கோல் எடுத்தேன். போன் எங்கட வீட்டுக்குள்ளேயே அடித்தது. சார்ச்சில் போட்டுவிட்டு மறந்து போயிருக்கிறார். விடியக் காலமை அம்மாவும் நானும் கரையில் நின்று சிவப்புச் சேலையை ஆட்டினோம். மழை. சுவர் என்றால் மழைக்குள்ளும் நிழலாகத் தெரிந்திருக்கும், அவருக்கு ஒரு சேலை எங்கே தெரிவது? குறி காணாமல் கரையோரம் மேலும் கீழுமாக ஓடி, எண்ணெய் முடியப் போகுதென்று ஒரு குத்துமதிப்பில் கரைக்குத் திருப்பியிருக்கிறார். போட் கல்லுப்பாரில் ஏறிப் பிளந்தது. சித்தப்பா முழங்கால் உடைந்து ஆஸ்பத்திரியில். அப்பா நீந்தி வந்தார். குடியேறினபோது கிடைத்த போட், எஞ்சின், வலை எல்லாம் போச்சு.

மூன்றாம் நாள் அப்பா கோட்டைக்கு வந்தார். பிறந்த நாள் தொட்டு இதே ஊர், ஆனாலும் அவர் அங்கே வந்தது அதுதான் முதல் தரம். கடற்காரருக்குக் கோட்டைக்குள் என்ன வேலை? விழுந்து கிடந்த செங்கல்லுகளை ஒரு சுற்றுச் சுற்றினார். ஒன்றைக் காலால் உருட்டிப் பார்த்தார். நான் விசிலை எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் கைக்குள் பொத்திக்கொண்டு நின்றேன். அவர் என்னைப் பார்க்காமலே கேட்டார்: "இவ்வளவு சின்னதே பிள்ளை? அங்கயிருந்து பார்த்தா ஊரையே மறைச்சுக்கொண்டு நிண்டதே."

இப்போதும் சனம் வருகிறது, இதுக்கா வந்தனாங்கள் என்று என்னில்தான் பாய்கிறது, நானும் சண்டைக்குப் போவதில்லை. பிழை அவையில இல்லை, நின்று பார்க்க வேண்டிய இடம் கடலுக்குள்ள இருந்தது.