இருபது சாம்பிளும் இரண்டு ஆள் சப்போர்ட்டும்

கிண்டி ஆபீஸில் யாரையாவது வடசென்னைக்கு ஆடிட் போகச் சொன்னால் முகம் லேசாகக் கோணும். எனக்குக் கோணாது. கடல்காற்றும் வறுத்த மீனும் கிடைக்குமென்றால் கம்பெனிச் செலவில் எங்கே வேண்டுமானாலும் போவேன். அப்படித்தான் ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, காத்திவாக்கத்தில் இருக்கும் எங்கள் இறால் ஏற்றுமதி யூனிட்டுக்குக் கிளம்பினேன். பார்க்க வேண்டியது ஒரே விஷயம்தான். கன்டெய்னர் லாரிக்குள் மைனஸ் பதினெட்டு டிகிரி குளிர் இருக்கிறதா என்று பார்த்து, கையெழுத்துப் போட்ட பிறகுதான் சரக்கு ஏற்றுகிறார்களா?

முந்தைய வாரமே அங்கு வந்துபோன லாரிகளின் பட்டியலில் இருபதைப் பொறுக்கி, ‘இந்த இருபது லோடுகளின் சாம்பிள்களை உரிய சப்போர்ட்டோடு தயாராக வைக்கவும்’ என்று மெயில் அனுப்பிவிட்டேன். ஆடிட்டர் பாஷையில் அது அப்பழுக்கில்லாத வாக்கியம்.

கிண்டியிலிருந்து விம்கோ நகருக்கு மெட்ரோவில் வண்டி மாறாமல் போகலாம். ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு, டிக்கெட் ஐம்பது ரூபாய்க்குள். பிறகு ஷேர் ஆட்டோவில் சுமார் ஐந்து கிலோமீட்டர், இருபது ரூபாய். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஆட்டோ நுழைந்து நுழைந்து போகும்போது ஓரத்து சீட்டில் மட்டும் உட்காராதீர்கள்.

“இன்னாக்கா, எறா கம்பெனில வேலைக்கு சேரப் போறியா?” என்றார் டிரைவர்.

“இல்லண்ணா, ஆடிட்டுக்கு.”

“அப்ப இன்னிக்கு யாருக்கோ பேஜாருன்னு சொல்லு.”

யூனிட் பொறுப்பாளர் தமிழரசி வாசலிலேயே காத்திருந்தாள். பக்கத்து மீனவக் குப்பத்துப் பெண். ஆறு மாதமாகத் தற்காலிகப் பொறுப்பில் இருக்கிறாள். இந்த ஆடிட் சுத்தமாக முடிந்தால்தான் வேலை நிரந்தரம் என்று ஹெட் ஆபீஸ் சொல்லியிருந்தது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். உள்ளே கூட்டிப்போனாள். நீளமான மேஜையில் ஐஸ் மேல் இருபது பாக்கெட் இறால், ஒவ்வொன்றிலும் லோடு நம்பர். மேஜையின் இரண்டு முனையிலும் ஆளுக்கொருவர் விறைப்பாக நின்றார்கள்.

“நீங்க கேட்ட இருபது சாம்பிளும் ரெடி மேடம். சப்போர்ட்டுக்கு ரெண்டு பேர நிக்க வெச்சிக்கீறேன். பத்தலன்னா இன்னும் ரெண்டு பேர கூப்புடுறேன்.”

ஏற்றுமதி யூனிட்டில் லாரியில் ஏற்றும் முன்பே ஒவ்வொரு லோடிலும் கொஞ்சம் இறாலை எடுத்து வைப்பார்கள். அவர்களுக்கு அதுதான் சாம்பிள். ஆடிட்டருக்கோ சாம்பிள் என்றால் பொறுக்கியெடுத்த லோடு, சப்போர்ட் என்றால் அதற்கான பேப்பர். சிரிப்பை அடக்க முடியாமல் சிரித்தே விட்டேன்.

“எனக்கு எறா வேணாம் தமிழரசி. லாரிக் குளிரப் பாத்துக் கையெழுத்துப் போடுற பேப்பர்தான் வேணும்.”

“அத்த அப்டியே எழுதறதுக்கு இன்னா மேடம்? கப்போர்டுலதான கீது.”

சப்போர்ட்டுக்கு நின்றவர்கள் சிரித்தபடி இறாலை ஃப்ரீசருக்குத் தூக்கிப் போனார்கள். பேப்பர் வந்தது. பத்தொன்பது சரியாக இருந்தது. இருபதாவதில் கையெழுத்து இல்லை. ஒரு கையெழுத்து இல்லாவிட்டாலும் ‘தேறவில்லை’ என்றுதான் எழுத வேண்டும், அவள் வேலை நிரந்தரமாகாது.

“இதுல ஏன் போடல?”

“எப்டி மேடம் போடுவேன்? அது மைனஸ் ஒம்போதுல வந்த வண்டி. டிரைவரு கத்தினாரு, நம்ம ஹெட் ஆபீஸ் மேனேஜர் ஏத்துன்னு போன் மேல போன். நா ஏத்தல. காலி வண்டியா திருப்பி அனுப்சிட்டேன்.”

வண்டி வெளியே போகும்போது எழுதும் கேட் சீட்டை வாட்ச்மேனிடம் வாங்கிப் பார்த்தேன். அதே நாள், அதே லாரி, ‘காலி’. கையெழுத்துள்ள பத்தொன்பதையும்விட இந்தக் கையெழுத்தில்லாத பேப்பர்தான் எனக்குப் பெரிய ஆதாரம். குளிர் விதி வேலை செய்கிறது என்று நிம்மதியாக எழுதினேன். ஆடிட்டர் அன்பளிப்பு வாங்கக்கூடாது என்பதால், மேஜையில் பார்த்த இறாலை நினைத்துக்கொண்டே வெளியே ஒரு கடையில் காசு கொடுத்துச் சாப்பிட்டேன்.

இந்தப் பக்கம் ஆடிட்டுக்கு வருபவர்கள் காலையிலேயே கிளம்பிவிடுங்கள், வெயில் ஏறினால் புழுதி தாங்காது. மூடின ஷூ அவசியம், தரையெல்லாம் ஈரம். ஆதாரம் கேட்டு மெயில் எழுதும்போது எந்தப் பேப்பர், எந்த லாரி, யார் கையெழுத்து என்று பச்சைத் தமிழில் கேளுங்கள். வண்டி திரும்பிப் போயிருந்தால் அந்தச் சீட்டையும் கேளுங்கள்.

இரண்டு வாரம் கழித்துத் தமிழரசியிடமிருந்து மெசேஜ் வந்தது: “பர்மனென்ட் ஆயிட்சி மேடம். அடுத்த தபா சாம்பிள்னா எறாவா பேப்பரான்னு போட்டு அனுப்புங்க. எறான்னா வூட்டுக்கு வாங்க.”