விதைக் கம்பு தந்த ஊர்

போன வருடம் வைகாசி மாதம். திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் மல்லிகையைப் போட்டுவிட்டு டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்தவரைப் பார்த்ததும் எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது. சில வருடங்களுக்கு முன்பு தன் மகனுக்கு என் மகளைக் கேட்டு ஆள் அனுப்பியவர் அவர். முடியாது என்று திருப்பி அனுப்பியவன் நான்.

பையனிடம் ஒரு குறையும் இல்லை. என் மகளுக்கும் அவன் மேல் ஆசை. ஆனால் எங்கள் ஊருக்கும் அவர்கள் ஊருக்கும் பெண் கொடுக்கல் வாங்கல் கிடையாது. பஞ்ச காலத்தில் எங்கள் முன்னோர் விதைக் கம்பைக்கூடத் தின்று தீர்த்துவிட்டுத் தவித்தபோது, வண்டி கட்டி விதை கொண்டுவந்து கொடுத்த ஊர் அது. அன்றிலிருந்து இரண்டு ஊரும் அண்ணன் தம்பி. வெளியாள் யார் வந்தாலும் இந்தக் கதையை நெஞ்சை நிமிர்த்திச் சொல்வது நான்தான். என் வாய் அப்படி! மகள் அழுதபோதும் இதையே சொன்னேன். “அவன் உனக்கு அண்ணன் முறைடீ” என்று கத்தினேன். அப்புறம் கோயம்புத்தூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்தேன். அன்றிலிருந்து கேட்டதற்குப் பதில் சொல்வாள், அவ்வளவுதான்.

டீக்கடையில் அவரே பேச்செடுத்தார்.

“எம் மகனைப் பிடிக்கலைன்னா நேராச் சொல்லியிருக்கலாம்ல. ஏதோ முறை வராதுன்னு சொல்லி விட்டீங்களே, அது என்ன முறை?”

கதையைச் சொன்னேன். முழுசாகக் கேட்டுவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்.

“எங்க ஊர்ல இப்படி ஒரு கதையை யாரும் சொல்லிக் கேட்டதே இல்லையே! உங்க ஊர்க்காரங்க ராங்கி பிடிச்சவங்க, நம்மகிட்ட சம்பந்தம் வச்சுக்க மாட்டாங்கன்னுதான் எங்கப்பா சொல்லுவாரு. இம்புட்டுத்தானா விஷயம்? ஒரு எட்டு வந்து கேட்டிருந்தா பேசி முடிச்சிருப்போமே.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கொடுத்தவர்கள் எப்போதோ மறந்துவிட்டார்கள். வாங்கித் தின்ற நாங்கள்தான் அதைப் பிடித்துக்கொண்டு தொங்கியிருக்கிறோம்.

வீட்டுக்கு வந்ததும் மகளுக்கு போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

“சரிப்பா. அங்கிட்டு மழை பெஞ்சுச்சா?” என்றாள்.

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அந்தக் கதை நிஜமாகவே நடந்திருக்கலாம். நன்றி மறக்காத ஊர் என்று அத்தனை பேரிடம் பீற்றிக்கொண்ட நான், விதை கொடுத்த ஊருக்கு ஒருமுறை போய்வர மட்டும் மறந்துபோனேன். அதற்கான விலையை என் பிள்ளையல்லவா கொடுத்துக்கொண்டிருக்கிறாள்.