கம்பி அக்கா

எங்கள் பக்கத்தில் அந்த வேன்கார அக்காவை எல்லாரும் ‘கம்பி அக்கா’ என்றுதான் கிண்டலடிப்போம். காலையில் இன்ஜினில் ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவி, டெய்லரான புருஷன் கொடுக்கும் வெள்ளைத் துண்டுத் துணியில் துடைத்து நிறம் பார்க்காமல் சாவியைத் தொடமாட்டார். பதினோரு வருஷமாக டயாலிசிஸ் நோயாளிகளை ஆஸ்பத்திரிக்கு ஓட்டுகிறார். வேன் நிற்பதும் ரிப்பேர் ஆவதும் என் ஒர்க்‌ஷாப்பில். சக்கர நாற்காலியோடு அங்கேயே வந்து ஏறும் நாலு பேரில் ஒருத்தர் என் அம்மா.

அன்று ஏழு மணிக்கு அக்கா துணியை என் மூக்குக்கு நேரே நீட்டினார். “தம்பி, இதப் பாரேன்.”

பால் ஊற்றிய காபி நிறம். ஆயிலில் தண்ணீர்! நாலு பேரும் ஏற்கெனவே வேனுக்குள். எட்டு மணிக்குக் கிளம்பாவிட்டால் அன்றைய முறை போச்சு. அம்மாவுக்கு முந்தின நாளிலிருந்தே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. நாற்காலி ஏற்றும் வண்டி வேறு கிடையாது.

“மெதுவா ஓட்டிட்டுப் போயிடுங்கக்கா,” என்றேன், பயத்தில்.

“நடுப் பாலத்துல இன்ஜின் பிடிச்சுக்கிட்டா இவங்கள நீ தூக்கிட்டுப் போவியா?”

ரேடியேட்டரைத் திறந்தேன். தண்ணீர் விளிம்புவரை இருந்தது. அப்பாடா, ரேடியேட்டர் தண்ணீர் ஆயிலில் கலக்காமல் தடுக்கும் கேஸ்கெட் போகவில்லை. அப்படியென்றால் தண்ணீர் மேலேயிருந்துதான் இறங்கியிருக்க வேண்டும்.

“வண்டியக் கழுவ வாட்டர் சர்வீஸ் விட்டீங்களா?”

“நேத்து சாயங்காலம். அங்கேருந்துதான் ஓட்டிட்டு வந்து இங்க விட்டேன்.”

ஆயில் ஊற்றும் வாயில் மூடியே இல்லை. ஒரு ஈரத்துணி அடைத்திருந்தது. வந்ததே எனக்குக் கோபம்! “அறிவிருக்காக்கா? இப்படியா வண்டி வெச்சுக்குவாங்க?” நாலு பேர் காதிலும் விழக் கத்தி, துணியை உருவித் தரையில் வீசினேன். அக்கா கம்பியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

வேனுக்குள்ளிருந்து அம்மா எட்டிப் பார்த்தார். “அது என் பச்சைச் சேலைடா. கை துடைக்க நான்தானே உனக்குக் கிழிச்சுக் குடுத்தேன்.”

மூன்று வாரத்துக்கு முன் ஆயில் மாற்றும்போது மூடியை உடைத்தவன் நான். நாளைக்குப் போட்டுத் தர்றேன் என்று துணியை அடைத்தவனும் நான்தான். அக்கா ரெண்டு தடவை கேட்டும் நாளைக்கு, நாளைக்கு என்றேன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

“ஏங்க்கா சொல்லல?”

“சண்டைய அப்புறம் வெச்சுக்கலாம். மொதல்ல ஆயில இறக்கு.”

இறக்கினேன். புது ஆயில் ஊற்றிக் கொஞ்சம் ஓடவிட்டு, அதையும் இறக்கினேன். ஃபில்டர் மாற்றி, மறுபடி ஊற்றி, ரிப்பேருக்கு நின்ற இன்னொரு வேனின் மூடியைக் கழற்றி மாட்டினேன். அம்மா இருமும்போதெல்லாம் ஸ்பேனர் நழுவியது. ஏழு ஐம்பதுக்குக் கம்பியை உருவிக் காட்டினேன். ஆயில் தெளிவாக இருந்தது.

அக்கா அதை என் கையிலிருந்து வாங்கி, வெள்ளைத் துணியில் துடைத்து, திரும்ப விட்டு எடுத்துப் பார்த்தார். பிறகு நான் இறுக்கிய மூடியைத் திருகிப் பார்த்தார். பதினோரு வருஷத்தில் என் கைவேலையை அவர் சரிபார்த்தது அன்றுதான்.