மூன்று முறை, ஆறு விநாடி

என் புரோகிராமைப் பற்றி எனக்குக் கொஞ்சம் திமிர் இருந்தது. கொஞ்சம் என்ன, தலைக்கேறித்தான் இருந்தது. பொள்ளாச்சியில் ஒரு ஸ்கேன் சென்டர். அங்கே எடுக்கும் படங்களை ஆர்.எஸ்.புரத்தில் இருக்கும் டாக்டரின் கம்ப்யூட்டர் தானாக இறக்கிக்கொள்ள வேண்டும், அவர் பார்த்து ரிப்போர்ட் சொல்ல வேண்டும். நடுவில் லைன் அறுந்தால் என் புரோகிராம் மறுபடி இழுக்கும். மூன்று முறை, இரண்டிரண்டு விநாடி இடைவெளி விட்டு. ஏழு மாதமாக ஒரு ஃபைல்கூட வராமல் போனதில்லை. "உன் வேலை சுத்தம்மா" என்று டாக்டர் ஒருமுறை சொன்னதில் நான் இரண்டு நாள் தரையில் கால் வைக்கவில்லை.

மாசி மாதத்தில் ஒரு காலை அவரே கூப்பிட்டார். தென்னை மரத்திலிருந்து விழுந்த ஒருவருக்குத் தலை ஸ்கேன் எடுத்து அரை மணி ஆகிவிட்டதாம். உள்ளே ரத்தம் கசிகிறதா என்று இவர் பார்த்துச் சொன்னால்தான் அவரை ஆபரேஷனுக்குக் கோவைக்கு ஏற்றுவார்கள்.

"இங்க ஒண்ணுமே வரலையேம்மா. ஆம்புலன்ஸ் வாசல்ல நிக்குதாம்."

என் கம்ப்யூட்டரில் புரோகிராமின் பதிவைத் திறந்தேன். முதல் முயற்சி தோல்வி. இரண்டாவது தோல்வி. மூன்றாவதும் தோல்வி. அதோடு கைகழுவிவிட்டு உட்கார்ந்திருந்தது என் புத்திசாலி. தோற்ற ஃபைலை சென்டர் பக்கத்திலிருந்துதான் மறுபடி திறந்துவிட முடியும். அப்படி எழுதிய மகராசியும் நான்தான்.

சென்டருக்குப் போன் செய்தேன். நர்ஸ் எடுத்தார். "ஏனுங், கம்ப்யூட்டர் பாக்கற புள்ள இன்னைக்குத்தான் மொதல் லீவுங்க. சிவப்பா எழுத்து வந்தா அந்தப் புள்ளதான் என்னமோ பண்ணும். எங்களுக்குத் தெரியாதுங்களே."

கம்ப்யூட்டர் பார்க்கும் அந்தப் பெண்ணோடு நான் வாராவாரம் பேசுகிறவள். "நல்லா ஓடுதா அம்மணி?" என்பேன். "ஒரு கொறையும் இல்லீங்கக்கா" என்பாள். அவளைக் கூப்பிட்டேன். கோபிச்செட்டிபாளையம் பக்கம் குலதெய்வக் கோயில் கிடாவெட்டில் இருந்தாள். மேளச் சத்தத்துக்கு மேலே கத்தினாள்.

"அய்யோ, சிவப்பு வந்துருச்சுங்களா? மோடத்துல பச்சை லைட்டு எரியுதான்னு பாத்துப்போட்டு, 'மறுபடி அனுப்பு'ன்னு இருக்குதுங்கல்ல, அதை அமுத்தச் சொல்லுங்கக்கா. நான் தினம் நாலஞ்சு தடவை அமுத்துவேனுங்க."

"தினமுமா? ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீங்க பாவம், அவ்வளவு கஷ்டப்பட்டு செஞ்சிருக்கீங்க. குத்தம் சொன்னாப்புல ஆயிருமுங்களே."

நர்ஸ் பட்டனை அமுக்கினார். படம் வந்தது. ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. ஆம்புலன்ஸ் கிளம்பியது, மதியமே ஆபரேஷன், ஆள் பிழைத்துக்கொண்டார். டாக்டர் என்னைத் திட்டவில்லை. "நாப்பது நிமிஷம் போச்சும்மா" என்று மட்டும் சொன்னார். எனக்கு அழுகை வந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது, முதலில் அவள் மேல், பிறகு என் மேல். எங்கள் ஊரில் ஒருத்தரிடம் "நல்லா ஓடுதா?" என்று கேட்டால் "இல்லை" என்றா சொல்வார்கள்? இதே மண்ணில் பிறந்த எனக்கு இது தெரியாதா?

மறுநாள் பொள்ளாச்சிக்குப் பஸ் ஏறினேன். மூன்று நாள் அவள் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுக்கும்போதெல்லாம் மோடம் அணைந்தது. அது திரும்ப லைனைப் பிடிக்க நான்கு நிமிடம் ஆனது. என் மூன்று முயற்சிகளும் ஆறு விநாடியில் முடிந்துவிட்டன. ஏழு மாதமாக ஃபைல்களைக் கொண்டுவந்து சேர்த்தது அவளுடைய விரல். வெட்கக்கேடு!

இனி ஒரு படமும் யார் தயவிலும் வரக்கூடாது என்று உட்கார்ந்து முதலிலிருந்து எழுதினேன். அறுந்தால் அரை நிமிடம் பொறு, அடுத்து ஒன்று, அடுத்து இரண்டு, அடுத்து நான்கு. விட்ட இடத்திலிருந்து தொடங்கு. முழுசாக வந்ததா என்று சரிபார். எல்லாம் தோற்றால் டாக்டர் போனும் என் போனும் அலற வேண்டும். அந்தப் பட்டனை எடுக்கவில்லை, ஆனால் அதை யாராவது அமுக்கினால் உடனே எனக்குத் தகவல் வரும்படி செய்தேன்.

மூன்று வாரம் கழித்து அதே மனிதர் மறுபரிசோதனை ஸ்கேனுக்கு வந்தார், தன் காலால் நடந்து. படம் பாதி போகும்போது அவள் போனில் கூப்பிட்டாள்.

"கரண்ட் போயிருச்சுங்கக்கா. அமுத்தட்டுங்களா?"

"கையை எடு."

"மொதல் தடவை போச்சுங்க. ரெண்டாவதும் போச்சுங்க."

எழுந்து நின்றுவிட்டேன். மூன்றாவதும் போனது. அவள் மூச்சுவிடும் சத்தம்கூடக் கேட்டது.

"ஓடுதுங்கக்கா! விட்ட எடத்துல இருந்தே ஓடுதுங்க!"

கசிவு சுத்தமாக வற்றிவிட்டது என்று டாக்டர் ரிப்போர்ட் எழுதினார். அவளிடம் சொன்னேன்.

"அக்கா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லு."

"அந்தச் சிவப்பு எழுத்து ரொம்பப் பொடிசா இருக்குதுங்க, கண்ணுக்கே தெரியறதில்லை. இன்னும் ஏழெட்டுக் கொறை இருக்குதுங்க. எழுதியே வெச்சிருக்கேனுங்க."

பேனாவை எடுத்தேன். "ஒண்ணையும் விடாதே அம்மணி" என்றேன்.