நிஷா தள்ளிப் போட்ட கடைசிப் பாகம்

பூவம்மாள் எனக்குச் சித்தப்பா மகள். அவள் மகன் ஜெயப்பிரகாஷ் என்னைப் பெரியம்மா என்று கூப்பிட்டவன். எங்கள் வகையறாவில் யாருக்கு யார் என்ன முறை என்று கேட்டால், காவேரிப்பாக்கத்தில் வாக்கப்பட்ட கடைசி அத்தையின் பேரப்பிள்ளைகள் வரைக்கும் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்லிவிடுவேன். ஆனால் ஜெயப்பிரகாஷ் கருமாதியன்று, "அந்த நீலச் சுடிதார் போட்டுனு ஓரமா நிக்குதே, அது யாரு, என்னா மொற?" என்று ஒருத்தி கேட்டபோது எனக்கு வாய் எழவில்லை. பொண்டாட்டி என்று சொல்ல முடியாது, தாலி ஏறவில்லை. கட்டிக்கப்போகிறவள் என்றும் சொல்ல முடியாது, கட்டிக்கொள்ள ஆள் இல்லை. "கூட வேலை செய்ற பொண்ணு" என்றேன். அதைத்தான் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பெண் நிஷா. ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தையல் லைனில் வேலை. ஷூவின் மேல்தோலை மடித்துத் தைத்துத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு நிமிஷம் கை நின்றால் பக்கத்து மெஷினில் வேலை குவிந்துவிடும். ஜெயப்பிரகாஷ் அதே கம்பெனியில் மெஷின் மெக்கானிக். இரண்டு பேருக்கும் பழக்கம் எப்படி ஆயிற்று என்பதை அவனே எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே சொல்லியிருக்கிறான்.

அவள் மெஷின் பக்கவாட்டில் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டி வைத்திருந்தாளாம். கறுப்பாக இருக்கும், அதில் இரண்டு நிலா, இரண்டிலும் ஒவ்வொரு விளக்கு. சூப்பர்வைசர் வந்து அதைக் கிழிக்கச் சொல்லியிருக்கிறார். ஊசி மாற்ற வந்த இவன் குனிந்தபடியே, "சார், கிழிக்காதீங்க. அது மெஷினுக்கு நாங்க போட்ட அடையாளம், சர்வீஸ் குழப்பமாயிடும்" என்று புளுகியிருக்கிறான். அவர் போனதும் அவள், "உங்களுக்கு இது இன்னான்னு தெரியுமா?" என்று கேட்டாளாம்.

"தெரியாமயா பொய் சொல்வேன்? ரெண்டாவது பாகத்துல மூணாவது கதை பாத்துட்டீங்களா?"

"இன்னும் பாக்கல. கதைய சொன்னீங்கன்னா இந்த ஊசியாலயே குத்திடுவேன்."

அப்படி ஆரம்பித்தது.

அந்த ஸ்டிக்கரில் இருந்தது டிவியில் வருகிற ஓர் இங்கிலீஷ் தொடரின் படம். ஆகாயக் கதை. எங்கோ கண்காணாத இடத்தில் இரண்டு சின்ன நிலா. ஒன்றில் ஒரு பெண், இன்னொன்றில் ஒரு ஆண். அந்த வழியாகப் போகிற கப்பல்களுக்கு வழி தெரிய விளக்கு எரிய வைப்பதுதான் இரண்டு பேருக்கும் வேலை. ரேடியோவில் பேசிக்கொள்வார்கள். முகம் பார்த்ததே கிடையாது. ஒருநாள் கப்பல் வரும், அதில் ஏறிப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருக்கிறார்கள்.

ஜெயப்பிரகாஷுக்கு ஒரு கூட்டம் உண்டு. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று நாலா பக்கத்துப் பையன்கள். எல்லோரும் கறுப்பு பனியன், தோள் வரைக்கும் முடி. மெட்டல் என்று ஒரு பாட்டு கேட்பார்கள். தகரக் கொட்டகை மேல் கல்மழை பெய்த மாதிரி இருக்கும், நடுவில் ஒருத்தன் தொண்டை கிழியக் கத்துவான். போனில் ஒரு குரூப் வைத்துக்கொண்டு வருஷா வருஷம் ஓட்டுப் போடுவார்கள். எந்தப் பாட்டு நல்ல பாட்டு என்பதற்கு இல்லை, எந்த ஆகாயக் கதை நல்ல கதை என்பதற்கு! அதற்கு வருகிற சண்டை எலெக்‌ஷனுக்குக்கூட வராது. கதையின் முடிவை யாராவது வாய் தவறிச் சொல்லிவிட்டால் மொத்தப் பேருக்கும் பிரியாணி வாங்கித் தர வேண்டும். அது அவர்கள் சட்டம்.

"ஏன்டா, பாட்டு கேக்குறவன் பாட்ட கேக்க வேண்டிதுதானே, உங்களுக்கு ஆகாயத்துல இன்னா வேலை?" என்று நான் ஒருதரம் கேட்டேன்.

"ரெண்டும் ஒண்ணுதான் பெரியம்மா. அந்தப் பாட்டு சத்தமா ஓடுறப்போ நாம ஒண்ணுமேயில்ல, ரொம்ப சின்னவங்கன்னு தோணும். இந்தக் கதை பாக்குறப்போவும் அப்படித்தான். கம்பெனில ஒருத்தன் நம்மள சின்னவனாக்குனா கோவம் வருது. இது பண்ணுனா நல்லா இருக்குது."

எனக்குப் புரிந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவன் அதைச் சொன்னபோது முகம் அழகாக இருந்தது.

இரண்டு வீட்டிலும் பேசி முடித்தோம். சாதி ஒன்றுதான், பெரிய தடை எதுவும் இல்லை. பூ வைத்து நிச்சயம் செய்ய நாள் பார்த்தால் ஆடி குறுக்கே வந்தது. ஆடி கழியட்டும், ஆவணி முதல் முகூர்த்தத்தில் பூ வைக்கலாம் என்றார்கள். அந்தத் தொடரின் கடைசிப் பாகமும் அப்போதுதான் வந்திருந்தது. குரூப்பில் எல்லோரும் விழுந்தடித்துப் பார்த்தார்கள். இவர்கள் இரண்டு பேர் மட்டும் பார்க்கவில்லை. கல்யாணம் முடிந்து, ஒரே வீட்டில், ஒரே பாயில் உட்கார்ந்துதான் பார்ப்பது என்று பேச்சு. பூவம்மாள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். "ஆடிக்குக் காத்துனு இருக்குற மாப்பிள்ளைய பாத்திருக்கேன், டிவிக்குக் காத்துனு இருக்குற மாப்பிள்ளைய இப்பதான் பாக்குறேன்."

ஆடி முடியவில்லை. ஷிப்ட் முடிந்து மழையில் வந்தவனை ஹைவேயில் சர்வீஸ் ரோடு திரும்புகிற இடத்தில் ஒரு லாரி அடித்துப் போட்டுவிட்டது. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத என்னால் ஆகாது.

மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து பிள்ளை வருவதற்கு முன்னால் தெருமுனையில் பிளெக்ஸ் வந்துவிட்டது. எங்கள் பக்கம் யார் செத்தாலும் கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸ் கட்டாமல் இருக்க மாட்டார்கள். நண்பர்கள் செலவு அது. கட்டியவன் கவுஸ் பாஷா. தோல் ஷாப்பில் பதனிடும் டிரம் ஓட்டுகிறவன், அந்தக் கூட்டத்தில் ஜெயப்பிரகாஷுக்கு உயிர் தோஸ்த். பிளெக்ஸ் கடைக்காரர் வழக்கம்போல மேகம், புறா, மெழுகுவத்தி எல்லாம் எடுத்துக் காட்டியிருக்கிறார். "அதெல்லாம் வாணாம், அவனுக்குப் பிடிச்சதப் போடுங்க" என்று இவன் அழுதுகொண்டே போனில் தேடி, இருப்பதிலேயே அழகான படம் ஒன்றைக் கொடுத்திருக்கிறான். ஆள் உயரத்துக்கு ஜெயப்பிரகாஷ் சிரிக்கிறான். கீழே கறுப்பு பனியன் பையன்களின் முகமும் பெயரும் வரிசையாக. நிஷா பெயர் இல்லை. கல்யாணம் ஆகாத பெண் பெயரைத் தெருமுனையில் யார் போடுவார்கள்? பின்னால் ஆகாயம். இரண்டு நிலா. ஒன்றில் விளக்கு எரிகிறது. இன்னொன்று இருட்டு.

நிஷா லைன் பெண்களோடு ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினாள். தோழிகள் தாங்கிப் பிடித்திருந்தாலும் அதுவரை திடமாகத்தான் நடந்து வந்தாள். பிளெக்ஸைப் பார்த்தாள். நான் எதிரில் நின்றிருந்தேன். முதலில் அவன் முகத்தைப் பார்த்தாள், அப்புறம் பின்னால் இருந்த படத்தை. புருஷன் முகத்தைப் பார்த்து விழுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இந்தப் பெண் அந்த இருட்டு நிலாவைப் பார்த்து விழுந்தாள். ஏன் என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை, கவுஸ் பாஷா ஒருவனைத் தவிர. அவன் பிளெக்ஸைத் திரும்பிப் பார்த்துவிட்டுத் தலையில் தலையில் அடித்துக்கொண்டான்.

"யா அல்லா, நான்தான் சொல்லிட்டேன். கடைசிய நான்தான் சொல்லிட்டேன்."

அவன் முடிவைப் பார்த்தவன். பார்த்தவன் கண்ணுக்கு அது வெறும் அழகான படம். பார்க்காமல் வைத்திருந்தவளுக்கு அது மொத்தக் கதை. அவனோடு சேர்ந்து செய்ய அவளுக்கு மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். அதுவும் நடுத்தெருவில், மின்கம்பத்தில் கட்டித் தொங்கியது.

ராத்திரியோடு ராத்திரியாகக் கழற்றிவிடுகிறேன் என்றான் கவுஸ் பாஷா. பங்காளிகள் விடவில்லை. கருமாதி வரைக்கும் இருக்க வேண்டும், நடுவில் எடுத்தால் அபசகுனம் என்றார்கள். தினமும் கம்பெனி பஸ் அந்தத் தெருமுனையைத் தாண்டித்தான் போகும். பஸ் அங்கே வரும்போது நிஷா குனிந்துகொள்வாள் என்று அவள் தோழி சொன்னாள்.

கருமாதியன்று கவுஸ் பாஷா அவள் முன்னால் வந்து நின்றான். முடியை ஒட்ட வெட்டியிருந்தான். அவளே சொன்னாள்: "பிரியாணி வாங்கித் தரணும் பாய், நீங்க. சட்டம்." அவன் சிரிக்கப் போய் அழுதான். அவளும்தான்.

அன்றைக்குச் சாயந்திரம் பூவம்மாள் நிஷாவை உள்ளே கூப்பிட்டாள்.

"அவன் எதுக்கும்மா காத்துனு இருந்தான்? அப்படி இன்னா இருக்குது அதுல? எனக்குக் காட்டு."

"இங்கிலீஷ்ல இருக்கும் அத்தே."

"நீ சொல்லு. நான் பாக்குறேன்."

அதிலிருந்து நிஷா ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்தாள். ஜெயப்பிரகாஷ் வாங்கி வைத்த டிவியில், முதல் பாகத்தின் முதல் கதையிலிருந்து ஆரம்பித்தார்கள். நானும் போய் உட்கார்ந்துகொள்வேன். ஒவ்வொரு கதையின் ஆரம்பத்திலும் அந்தக் கல்மழை மாதிரிப் பாட்டு வரும். பூவம்மாள் சத்தத்தைக் குறைக்க விட மாட்டாள், அவன் வைத்திருந்த அளவிலேயே இருக்கட்டும் என்பாள். நிஷா நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொல்வாள்.

"இப்ப இவரு இன்னா சொல்றாரு?"

"இன்னிக்கி விளக்குல எண்ண கம்மின்னு சொல்றாரு. அவங்க, நான் சொன்ன மாதிரி திரிய சின்னதா வைன்றாங்க. நெஜமா எண்ணயும் திரியும் இல்ல அத்தே, அது வேற, நான் உங்களுக்காகச் சொல்றேன்."

"சாப்ட்டியான்னு ஒருவாட்டியாவது கேக்குறானா பாரு. ரேடியோலயே காலத்த ஓட்டிடுவான் போல."

"உங்க புள்ள மட்டும் கேட்டாரா? ஊசி ஒடஞ்சிச்சான்னுதான் கேப்பாரு."

பூவம்மாள் சிரித்தாள். மகன் போன பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அந்த டிவி முன்னால்தான்.

கடைசிப் பாகம் நெருங்க நெருங்க நிஷா மெதுவாகிவிட்டாள். ஒரு வாரம் பாதியில் நிறுத்துவாள். ஒரு வாரம் பழையதையே மறுபடி போடுவாள். ஒரு வாரம் தலைவலி என்பாள், ஆனால் வந்து உட்கார்ந்திருப்பாள். பூவம்மாளும் கேட்க மாட்டாள். அது முடிந்துவிட்டால் இந்த வீட்டுக்கு வர அவளுக்கு என்ன காரணம்? இரண்டு பேருக்கும் அது தெரியும்.

தை பிறந்த பிறகு ஒரு ஞாயிறு அவள் உட்காராமல் நின்றாள்.

"எங்கப்பா நாட்றம்பள்ளில ஒரு எடம் பேசி முடிச்சிட்டாரு அத்தே. அவருக்கு நெஞ்சுவலி வந்ததிலருந்து அழுதுனே இருக்காரு. என்னால முடியலன்னு சொன்னேன். சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துப்போச்சு."

பூவம்மாள் முந்தானையால் டிவியைத் துடைத்தாள். தூசு ஒன்றும் இல்லை. "மாப்பிள்ளை நல்லவனா?"

"தெரியல. பாட்டெல்லாம் கேக்க மாட்டாராம்."

பூவம்மாள் ரிமோட்டை அவள் கையில் கொடுத்து, "போடு, அந்தக் கடைசிய" என்றாள்.

"வாணாம் அத்தே."

"போடும்மா. பாதில உட்டுட்டுப் போனா அங்க போயும் இதுலயே இருப்ப."

போட்டாள். மூன்று பேரும் பார்த்தோம். அன்றைக்கு முடிவு வரும்வரை நிஷா தமிழில் ஒன்றும் சொல்லவில்லை, பூவம்மாளும் கேட்கவில்லை. ஆணின் நிலாவில் என்னவோ உடைந்தது. ரேடியோவில் அவன் குரல் கரகரத்தது. விளக்கு ஒருதரம் மங்கி, ஒருதரம் எரிந்து, அவிந்துபோனது. பெண் ரேடியோவைக் காதோடு வைத்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் அத்தனை வருஷமாகக் காத்திருந்த கப்பல் வந்தது. கதவு திறந்தது. அவள் ஏறவில்லை.

"ஏறலியா?" என்றாள் பூவம்மாள்.

"இல்ல அத்தே. அவங்க அங்கயே இருந்து அவங்க விளக்க எரிய வைக்கப் போறாங்களாம். கப்பல் போவுது, பாருங்க."

பூவம்மாள் திரையைப் பார்த்தபடியே சொன்னாள்: "அவளுக்கு இன்னா, இருந்துப்பா. பெத்தவன் நெஞ்ச புடிச்சினு அழ மாட்டான். அக்கம்பக்கத்துல கேக்க ஆள் இல்ல. ஆகாயத்துல இருக்குறவ இருந்துப்பா."

நிஷா பூவம்மாள் மடியில் முகத்தை வைத்துக்கொண்டாள். பெயர்கள் ஓட, அந்தப் பாட்டு அவன் வைத்த சத்தத்திலேயே வீடு அதிர ஓடியது. அதனால் அவள் அழுத சத்தம் எனக்குக் கேட்கவில்லை. முதுகு குலுங்கியது மட்டும் தெரிந்தது.

கிளம்பும்போது பூவம்மாள் பீரோவைத் திறந்து அவனுடைய கறுப்பு பனியன் ஒன்றை எடுத்து வந்தாள். துவைக்காதது. "எடுத்துனு போ."

நிஷா இரண்டு கையாலும் வாங்கினாள். முகத்தில் வைத்துப் பார்த்தாள். அப்புறம் அதை மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"போற வீட்ல இத எங்க அத்தே வைப்பேன்? யாருதுன்னு கேட்டா இன்னான்னு சொல்வேன்?"

பூவம்மாள் கை நீட்டி வாங்கிக்கொண்டாள். "வர்றேன்" என்று சொல்லிவிட்டு நிஷா படி இறங்கினாள். பூவம்மாள் பனியனை மார்போடு வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். உள்ளே வா என்று நான் கையைப் பிடித்து இழுத்தும் வரவில்லை.