வாசலில் இறக்கிவிடுகிறவர்

“இன்னும் ஒண்ணு பூட்டல.”

சொல்லிவிட்டு அவர் ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறார். இன்ஜின் ஓடுகிறது, வேன் நகரவில்லை. பின்னால் இருப்பவர்கள் காலையிலிருந்து ஒரு கண்ணாடிக் கட்டிடத்தை மாடி மாடியாகத் துடைத்துப் பெருக்கிவிட்டு வந்தவர்கள். சண்டை போடக்கூடத் தெம்பில்லை.

“எல்லாரும் பூட்டியாச்சுண்ணே, எடுங்க.”

“பெல்ட் பூட்டுற சத்தம் வேற, என்னை ஏமாத்துற சத்தம் வேற. கடைசி சீட்டுல, முதுகுக்குப் பின்னாடி பூட்டிட்டு அதுமேல சாஞ்சு உக்காந்திருக்கிற மகராசன் யாருன்னு எனக்குத் தெரியும். மெதுவாவே பூட்டட்டும். எனக்கென்ன, பொண்ணு பாக்கவா போறேன்?”

பின்னாலிருந்து ஒரு முனகல். பிறகு ஒரு ‘டக்’. வேன் கிளம்புகிறது.

ஐம்பதைத் தாண்டியவர். ஒல்லி. முழுக்கைச் சட்டையின் பொத்தானைக் கழுத்துவரை போட்டிருப்பார். துப்புரவுப் பணியாளர்களைக் காலையில் விடுதியிலிருந்து ஏற்றிப்போவதும் மாலையில் கொண்டுவந்து சேர்ப்பதும் வேலை. அவரும் அவர்களைப் போலவே இந்த வெளிநாட்டுக்குப் பிழைக்க வந்தவர்தான்; அதே விடுதியில்தான் படுக்கை. வண்டியில் ஏறும் முன் செல்போனை டிக்கியில் போட்டுப் பூட்டிவிடுவார். மாலையில் ஊரிலிருந்து மனைவி கூப்பிடும் நேரமும் வேன் நெரிசலில் நிற்கும் நேரமும் ஒன்று. போன் டிக்கிக்குள்ளேயே கத்தி ஓயும். “பெரிய கலெக்டர் உத்தியோகம், போன் எடுக்க முடியாது” என்று மனைவி ஒருமுறை சலித்துக்கொண்டாராம். “கலெக்டர் தப்புப் பண்ணா காகிதம்தான் கிழியும்” என்றாராம் இவர்.

நெரிசலில் அவர் கெட்ட வார்த்தை பேசுவதில்லை. உறவு கொண்டாடுகிறார். சமிக்ஞை காட்டாமல் மூக்கை நுழைக்கும் கறுப்பு ஜீப்புக்கு, “வாங்க சம்பந்தி, வாங்க. நீங்க வராம ரோடே களைகட்டல.” பின்னால் ஒட்டிக்கொண்டு விளக்கடிக்கும் காருக்கு, “என்ன மாப்ள, மடியிலயே ஏறி உக்காந்துக்கிறியா?” காதில் போனோடு தடம் மாறும் வண்டிக்கு, “பேசுங்க சித்தப்பா. பேசி முடிச்சிட்டு நிதானமா கொல்லுங்க.” கண்ணாடிகள் ஏற்றியிருக்கும். வெளியே யாருக்கும் கேட்காது, கேட்டாலும் புரியாது. குரல் உயராது. கழுத்து நரம்பு மட்டும் புடைத்துக்கொண்டு நிற்கும்.

விடுதி ஒரு பெரிய சாலையின் எதிர்ப்பக்கம் இருக்கிறது. வேலை முடிந்து திரும்பும்போது அதன் வாசல் இடது கைப்பக்கம் தெரியும். ஆனால் வாசலுக்குப் போக வேண்டுமானால் அதைத் தாண்டி நேரே போய், சிக்னலில் நின்று, யூ-டர்ன் அடித்து, அவ்வளவு தூரமும் திரும்பி வர வேண்டும். மாலை நெரிசலில் அதற்கே அரை மணிக்குக் குறையாது. அதனால் நிறுவனத்தின் மற்ற வேன்கள் இந்தப் பக்கத்திலேயே ஆட்களைக் கொட்டிவிட்டு, அப்படியே அடுத்த கட்டிடத்துக்கு ஆள் ஏற்றப் போய்விடுகின்றன. கொட்டுவது என்பதுதான் சரியான சொல். இறங்கியவர்கள் போக மூன்று, வர மூன்று என ஆறு தடங்களைத் தாங்களாகத் தாண்டிக்கொள்ள வேண்டும்.

அந்தச் சாலையில் நடக்கிறவருக்கு என்று எதுவும் கிடையாது. நடுவில் பூச்செடி வரிசை உண்டு. செடிக்கு வேலி உண்டு. வேலிக்கு வர்ணம் உண்டு. தினமும் தண்ணீர் லாரி வந்து, பின்னால் கூம்புகள் வைத்து, வண்டிகளை ஒதுக்கிவிட்டு, செடிகளைப் பதமாக நனைத்துவிட்டுப் போகிறது. மனிதர்களுக்கு ஒரு வெள்ளைக் கோடு இல்லை. நடைமேம்பாலம் ஒன்று இருக்கிறது. எங்கோ தள்ளி, ஒரு வணிக வளாகத்தையும் அதன் கார் நிறுத்துமிடத்தையும் சேர்த்துக்கொண்டு. காரில் வருகிறவர்கள் வெயில்படாமல் கடைக்கு நடக்க அது.

நிறுவனம் சும்மா இருக்கவில்லை. சாலைப் பாதுகாப்பு வகுப்பு ஒன்று நடத்தியது. யாருக்கும் தெரியாத மொழியில் ஒருவர் பேசினார். கோடு போட்ட இடத்தில் எப்படிக் கடப்பது என்று படம் காட்டினார். எல்லாருக்கும் மஞ்சள் மேல்சட்டை மாட்டிவிட்டுப் புகைப்படம் எடுத்தார்கள். எடுத்ததும் மேல்சட்டைகளைத் திரும்ப வாங்கி மடித்து வைத்துக்கொண்டார்கள். “அடுத்த வருஷ போட்டோவுக்கு வேணும்ல?” என்றார் இவர்.

கோடு இல்லாதது பாதி ஆபத்து. மீதி ஆபத்து அவரவர் கழுத்திலேயே இருக்கிறது. ஊரில் வண்டிகள் இடது பக்கமாகப் போகும். சாலையில் கால் வைக்கும் முன் தலை தானாக வலது பக்கம் திரும்பும். நடக்கப் பழகிய நாளிலிருந்து வந்த பழக்கம். இங்கே எல்லாம் தலைகீழ். வண்டி இடது பக்கத்திலிருந்து வருகிறது. புதிதாக வந்தவர்கள் போய்க்கொண்டிருக்கும் வண்டிகளின் முதுகை மிகக் கவனமாகப் பார்த்துவிட்டுச் சாலையில் இறங்குகிறார்கள். கார்கள் நெரிசலில் நின்றிருந்தால் இன்னும் மோசம். நிற்கும் கார்களின் இடுக்கில் பொட்டலம் கொண்டுபோகும் பைக்குகள் சீறிக்கொண்டு வரும்.

இவருக்கே கழுத்து குழம்பிப்போயிருக்கிறது. விடுமுறைக்குப் போனபோது சொந்தத் தெருமுனையில் இடது பக்கம் பார்த்துவிட்டு இறங்கி, ஒரு சைக்கிளில் இடிபட்டார். “ரெண்டு ஊருக்கும் ஆகாத கழுத்தா போச்சு” என்கிறார். இப்போதெல்லாம் விடுதி நடையில், குளியலறைக்குப் போகும்போதுகூட இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் திரும்புகிறார்.

அவர் மட்டும் யூ-டர்ன் அடிக்கிறார். ஒரு நாள் தவறாமல். ஆட்களை விடுதி வாசலிலேயே இறக்கிவிட்டு, மறுபடி சுற்றி, அடுத்த கட்டிடத்துக்குப் போகிறார். அதனால் அவருக்கு ‘யூ-டர்ன்’ என்றே பெயர். இந்தப் பிடிவாதத்துக்குப் பின்னால் ஒரு சாவு இருக்க வேண்டும் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். தம்பியா, நண்பனா என்று ஒரு நாள் யாரோ இரக்கத்தோடு கேட்டார்கள். அவருக்கு வந்ததே கோபம்.

“ஏன், எங்க வீட்டுல ஒருத்தன் செத்தாத்தான் நான் வண்டியத் திருப்பணுமா? யாரும் சாகல. எல்லாம் நல்லா இருக்காங்க. ரோடு இருக்கிற லட்சணத்தப் பாத்தா தெரியல?”

வேனில் இருப்பவர்கள் இதற்காக அவரைக் கும்பிடவில்லை. அவர்கள் கணக்கு வேறு. விடுதியில் அடுப்பு குறைவு; குளியலறை அதைவிடக் குறைவு. இந்தப் பக்கம் கொட்டப்பட்டவர்கள் ஓடிப்போய் அடுப்பைப் பிடித்துவிடுவார்கள். யூ-டர்ன் வேன் வரும்போது வெந்நீரும் தீர்ந்திருக்கும். மூன்றாம் மாடியைத் துடைக்கிற அக்காதான் எல்லாருக்கும் சேர்த்துப் பேசுவார்.

“உசுரோட கொண்டாந்து சேக்குறீங்க, சரி. பசியோட சேக்குறீங்களே, அதுக்கு என்ன சொல்றீங்க?”

“பசிச்சா நாளைக்கும் சாப்பிடலாம்க்கா.”

“நாளைக்கும் இதே யூ-டர்ன்தான? அப்பவும் அடுப்பு கிடைக்காது.”

வேன் முழுக்கச் சிரிக்கும். அவரும் சிரிப்பார். வண்டி நிற்காது.

வண்டிகளுக்கு மேற்பார்வையாளர் அவருடைய மனைவியின் தம்பி. அவர்தான் இந்த வேலையை வாங்கிக்கொடுத்தவர். அடுத்த கட்டிடத்து ஆட்கள் தெருவில் காத்துக்கிடப்பதாக மேலிடத்திலிருந்து வசவு வந்ததும் நேரடியாகவே சொல்லிவிட்டார்.

“மச்சான், எல்லாரையும் போல இந்தப் பக்கமே இறக்குங்க. முடியாதுன்னா சாவியக் குடுத்துட்டு ஸ்டோர்ல மூட்டை தூக்குங்க.”

“பதினாலு பேரையும் நடுரோட்டுல இறக்கிட்டு வர்றதுக்குப் பேரு டிரைவர் வேலையா மாப்ள?”

“ரோட்டத் தாண்டத் தெரியாதா? சின்னப் புள்ளைங்களா அவங்க?”

அன்று இரவு மனைவி பேசினார். தம்பி முந்திக்கொண்டு பேசிவிட்டிருக்கிறான் என்பது முதல் வார்த்தையிலேயே தெரிந்தது. “என் தம்பி மூஞ்சியில கரியப் பூசாதீங்க. ஊர்ல யாரும் வண்டி ஓட்டலையா? உங்களுக்கு மட்டும்தான் ரோடு தெரியுமா?”

போன வாரம் ஒரு மாலை மைத்துனர் தானே வந்து முன் சீட்டில் ஏறினார். அவரும் பெல்ட் பூட்டும்வரை வேன் நகரவில்லை. சாலை அன்று வழக்கத்தைவிட மோசம். சம்பந்திகளும் சித்தப்பாக்களும் நிறைய பேர் வந்திருந்தார்கள். ஆனால் இவர் யாரையும் வரவேற்கவில்லை. விடுதி இடது பக்கம் தெரிந்ததும் மைத்துனர் கையைக் காட்டினார்.

“ஓரம் கட்டுங்க மச்சான்.”

ஓரம் கட்டினார். நான்கு பக்க விளக்குகளையும் மினுக்கவிட்டார். பின்னால் ஒருவருக்கும் நம்ப முடியவில்லை.

“நிறுத்திட்டேன். கதவத் திறக்கணும்னா முதல்ல நீ தாண்டிக் காட்டு மாப்ள.”

மைத்துனர் இறங்கினார். ஒரு கையில் போன். மறு கையை, கூட்டத்தைப் பார்த்துக் கையசைக்கிற மந்திரியைப் போல உயர்த்தினார். ஒரு கார் குலுங்கி நின்றது. இன்னொன்று ஒலியெழுப்பிக்கொண்டு விலகியது. அவர் நடையைக்கூட மாற்றவில்லை. செடி வரிசைக்கு வந்து, வேலியின் இடைவெளியில் நுழைந்து, மறுபக்கத்து மூன்று தடங்களையும் அதே கையோடு தாண்டினார். விடுதி வாசலில் நின்றுகொண்டு இந்தப் பக்கம் பார்த்துக் கையாட்டினார். வேனுக்குள் யாரோ கைதட்டினார்கள்.

“ஒண்ணும் ஆகலையேண்ணே” என்றார் அக்கா. கேலியாகச் சொல்லவில்லை; கதவைத் திறக்கச் சொல்லிக் கெஞ்சுகிற குரல்.

“ஆமா, ஒண்ணும் ஆகல. ஆகுற அன்னிக்கு முதநாள் வரைக்கும் ஒண்ணும் ஆகாதுதான்.”

கதவைத் திறந்துவிட்டார். பைகளை அணைத்துக்கொண்டு எல்லாரும் இறங்கினார்கள். வேலைக்குச் சேர்ந்து சில நாட்களே ஆன ஒரு பெண், வலது பக்கம் நன்றாகப் பார்த்துவிட்டுக் காலை எடுத்து வைத்தாள். அக்கா அவள் பையைப் பிடித்து இழுத்தார். ஒரு பைக் இருவருக்கும் முன்னால் பாய்ந்து போயிற்று. ஓட்டியவன் தலையைத் திருப்பி ஏதோ திட்டினான். இருவரும் சிரித்தார்கள். பிறகு கையைக் கோத்துக்கொண்டு ஓடினார்கள். இவ்வளவையும் இவர் பக்கவாட்டுக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தார்.

காலி வேனை எடுத்துக்கொண்டு நேரே போனார். சிக்னலில் நின்றார். யூ-டர்ன் அடித்தார். விடுதி வாசலுக்கு வந்து வண்டியை நிறுத்தி, இறங்கிப்போய்ப் பக்கக் கதவை முழுக்கத் திறந்தார். உள்ளே யாரும் இல்லை. அத்தனை பேரும் இறங்குவதற்கு ஆகும் நேரம் அப்படியே நின்றுவிட்டுக் கதவைச் சாத்தினார்.

“உங்களுக்குப் புத்தி கித்தி கலங்கிப்போச்சா மச்சான்?” என்றார் மைத்துனர். “அங்க ஆளுங்க காத்துக்கிட்டு இருக்காங்க.”

“அதான், சீக்கிரம் போ” என்று சாவியை அவர் உள்ளங்கையில் வைத்துவிட்டு, டிக்கியைத் திறந்து செல்போனை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அடுத்த கட்டிடத்து ஆட்களை ஏற்றிவர மைத்துனரேதான் வேனை ஓட்டிப்போனார். பெல்ட் போடவில்லை.

மறுநாள் காலை அவர் ஸ்டோரில் சோப்புத் தூள் மூட்டைகளை இறக்கினார். மதியம் துடைப்பக் கட்டுகளை அடுக்கினார். மாலை அதே வேனில் கடைசி சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டைப் பூட்டிக்கொண்டார். அந்த ஒரு ‘டக்’ மட்டும் கேட்டது. புது டிரைவர் வண்டியை எடுத்தார். விடுதிக்கு எதிரே இந்தப் பக்கம் வேன் நின்றது. எல்லாரும் இறங்கியதும் போய்விட்டது.

அவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனார். சாலையின் விளிம்பில் நின்று இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டினார். முகம் இடது பக்கம் திரும்பியிருந்தது. கார்கள் நின்றிருந்தன, இடுக்கில் பைக்குகள் வந்துகொண்டிருந்தன. வேறொரு வேனிலிருந்து இறங்கியவர்களும் என்னவோ ஏதோ என்று வந்து அவருக்குப் பின்னால் சேர்ந்துகொண்டார்கள்.

சட்டைப் பையில் அவருடைய போன் அடிக்கத் தொடங்கியது. மனைவி கூப்பிடும் நேரம்.

“போன் அடிக்குதுண்ணே” என்றார் அக்கா. “அடுப்பு வேற போகுது.”

“இடது பக்கம் பாருங்க” என்றார் அவர்.

போன் அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. அவர் கைகளை இறக்கவில்லை.