கண்ணாடிக்குள் இருந்த ஆண்குருவி

மகள் பிறந்தபோது நான் கத்தாரில் இருந்தேன். இரண்டு மாத லீவில் முதன்முறை ஊருக்கு வந்தபோது அவளுக்கு இரண்டரை வயது. கொடுத்த சொக்லேட்டை வாங்கிக்கொண்டு தாயின் பின்னால் ஒளிந்தவள், என்னை "மாமா" என்றாள்.

ஆரையம்பதியில் நாங்கள் இருப்பது மனைவியின் வீட்டில். எங்கள் ஊர்ப் பக்கத்தில் வீடு பெண்ணுக்குச் சீதனமாகப் போகும். பிள்ளைக்கு வம்சமாக வரும் குடியும் தாயின் குடிதான். என்னிடமிருந்து மகளுக்குப் போயிருந்தது பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து. அதையும் அவளுக்கு வாசிக்கத் தெரியாது.

அந்த நாட்களில் முற்றத்துத் தேசி மரத்தில் ஒரு சோடித் தேன்சிட்டு கூடு கட்டியது. நாரும் சிலந்தி நூலும் சுமந்தது பெட்டைதான். ஆண் ஒரு துரும்பும் தூக்கவில்லை. பெட்டை வாவிப் பக்கம் பறந்தால் தானும் பறக்கும், திரும்பினால் தானும் திரும்பும். சரியான சோம்பேறி என்று நினைத்தேன். பிறகு ஒரு காலை, அது என் மோட்டார் சைக்கிள் கண்ணாடியில் தெரிந்த தன் உருவத்தையே கொத்திக்கொண்டு நின்றது.

"என்னத்துக்கு இந்தப் பேய்க்கூத்து?" என்றாள் மனைவி.

"வேற ஆண் வந்திட்டெண்டு நினைக்குது. முட்டையிடுற நாளில பெட்டைய விட்டு அங்கால போகாது. விட்டா, குஞ்சு அதுட குஞ்சா இருக்காது."

"குருவிக்கு விளங்குது. இஞ்ச ஒராள் எனக்கு அஞ்சாம் மாசத்தில பிளேன் ஏறினவர்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதற்குள் மகள் அழத் தொடங்கிவிட்டாள். "மாமா, குருவிக்கு ரெத்தம் வரும்!"

"மாமா இல்ல புள்ள, அப்பா," என்று தாய் திருத்தினாள். மகள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

நான் என் சொக்ஸ் ஒன்றைக் கண்ணாடியில் மாட்டினேன். குருவி மற்றக் கண்ணாடிக்குத் தாவியது. மகள் உள்ளே ஓடி, நான் முன்பு பார்சலில் அனுப்பியிருந்த தன் குட்டிச் சொக்ஸைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"இதையும் போடுங்க."

மாமா என்றும் சொல்லவில்லை, அப்பா என்றும் சொல்லவில்லை. அந்தச் சொக்ஸ் கண்ணாடியில் பாதியைக்கூட மூடவில்லை. மீதியை என் கையால் பொத்திக்கொண்டு நின்றேன். அவளும் என் காலோடு ஒட்டி நின்றாள்.

லீவு முடிந்தும் நான் திரும்பிப் போகவில்லை.

அவள் முதலில் எப்போது அப்பா என்றாள் என்பது நினைவில் இல்லை. இப்போது கம்பஸில் படிக்கிறாள்; அங்கிருந்து போனில் கோல் எடுத்து "அப்பா" என்கிறாள். பதில் சொல்ல எனக்கு இன்னும் ஒரு கணம் பிந்துகிறது.